அமெரிக்கக் குடியேற்றங்களில் போர் ஓய்வூதியம்: முதல் சட்டங்கள் யாருக்காக எழுதப்பட்டன?

கேள்வி இது: “போரில் ஊனமுற்ற சிப்பாய்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் பென்ஷன் கொடுக்கும் வழக்கம் அமெரிக்காவில் 1636-ஆம் ஆண்டு பிளிமத் குடியேற்றத்தின் சட்டத்தில்தான் தொடங்கியது என்று படித்தேன். அது சரியா? அந்தச் சட்டம் குடும்பங்களுக்கும் பொருந்தியதா?”

1636-இல் பிளிமத்தில் (இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலப் பகுதி) அப்படி ஒரு சட்டம் இருந்தது உண்மை. ஆனால் ஆங்கிலேயர்களின் அமெரிக்கக் குடியேற்றங்களில் அது முதலாவது சட்டம் இல்லை. வர்ஜீனியா அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்திக்கொண்டது. இரண்டாவது கேள்விக்கு விடை இன்னும் எளிது: பிளிமத் சட்டத்தில் விதவையும் இல்லை, குழந்தையும் இல்லை. உயிரோடு திரும்பி வந்தவனுக்கு மட்டும்தான் அது வாக்குக் கொடுத்தது. ஏன் அப்படி என்று கேட்டால்தான் விஷயம் விளங்கும். அதற்கு இங்கிலாந்திலிருந்து தொடங்க வேண்டும்.

1588-இல் ஸ்பெயினின் பெரும் கடற்படையை இங்கிலாந்து முறியடித்தது. அதைக் கொண்டாடிய அதே நாட்டில், போரிலிருந்து திரும்பிய மாலுமிகளும் சிப்பாய்களும் கூலி கிடைக்காமல், காயம் ஆறாமல் சாலைகளில் பிச்சையெடுத்துத் திரிந்தார்கள். அடுத்த ஆண்டு போர்ச்சுகல் படையெடுப்பிலிருந்து திரும்பியவர்கள் லண்டனில் கலகம் செய்யும் நிலைக்கு வந்துவிட்டார்கள். பிழைப்பின்றித் திரிபவர்களைச் சவுக்கால் அடித்துச் சொந்த ஊருக்கு விரட்டிய காலம் அது. நாட்டுக்காகக் காலை இழந்தவனையும் அப்படி அடிப்பதா என்ற கேள்வி எழுந்த பிறகுதான், 1593-இல் எலிசபெத் ராணியின் நாடாளுமன்றம் ஊனமுற்ற சிப்பாய்கள், மாலுமிகளுக்கான நிவாரணச் சட்டத்தை இயற்றியது. ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் வாரந்தோறும் சிறு வரி கொடுக்க வேண்டும். மாவட்டப் பொருளாளர் அதைத் திரட்டி, ஊனமுற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சாதாரணச் சிப்பாய்க்கு ஆண்டுக்கு 10 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது; லெப்டினன்ட் என்றால் 20 பவுண்டு வரை போகலாம். பணத்தை எந்த மாவட்டத்தில் போய்க் கேட்பது? எந்த மாவட்டம் உன்னைக் கட்டாயமாகப் படைக்குப் பிடித்து அனுப்பியதோ அங்கேதான். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆளைப் பிடித்து அனுப்பியவனே அவன் ஊனத்துக்கும் பொறுப்பு என்ற எண்ணம் இங்கே பிறந்து, அப்படியே கடல் கடந்து போனது.

1593 சட்டத்திலும் விதவைகளுக்கு இடமில்லை. கணவனை இழந்தவள் ஊர்ப் பொது நிவாரணத்தை நம்ப வேண்டும். அது அவளுக்குப் போரினால் கிடைத்த உரிமையாக வரவில்லை. ஏழை என்பதற்காகக் கிடைத்த பிச்சையாகவே வந்தது.

இப்போது வர்ஜீனியாவுக்கு வருவோம். 1622 மார்ச் 22 அன்று ஒபெச்சன்கனோவின் தலைமையில் பவ்ஹாட்டன் என்ற பூர்வகுடி மக்கள் ஜேம்ஸ் ஆற்றங்கரைக் குடியேற்றங்களைத் தாக்கினார்கள். 347 ஆங்கிலேயர் இறந்ததாகக் கணக்கு. தங்கள் நிலம் கைவிட்டுப் போவதைப் பதினைந்து ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் தாக்குதல் அது. பதிலுக்கு ஆங்கிலேயர் ஆண்டுதோறும் பூர்வகுடிகளின் சோள வயல்களை அழிக்கும் போரைத் தொடங்கினார்கள். 1624 மார்ச்சில் கூடிய வர்ஜீனியா சபை இயற்றிய சட்டங்களில் ஒன்று இப்படிச் செல்கிறது: வரும் ஜூலைத் தொடக்கத்தில் ஒவ்வொரு குடியேற்றத்தாரும், சென்ற ஆண்டு செய்ததைப் போலவே, தம் அண்டையில் உள்ள பூர்வகுடிகள்மீது பாய வேண்டும், இந்தப் பணியில் காயம்பட்டவர்களுக்குப் பொதுச் செலவில் சிகிச்சை, யாராவது முடமானால், அவரவர் தகுதிக்கும் அந்தஸ்துக்கும் ஏற்ப நாடு அவரைப் பராமரிக்கும்.

எல்லாம் ஒரே விதிக்குள். தாக்குங்கள் என்ற ஆணையும், முடமானால் காப்பாற்றுவோம் என்ற உறுதியும் ஒரே மூச்சில் வருகின்றன. என் கருத்தில், இந்த வகைச் சட்டங்களின் பிறப்பைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. நன்றியுணர்வு பிறகு வந்து சேர்ந்திருக்கலாம். ஆனால் எழுதிய நேரத்தில் அது படைக்கு ஆள் திரட்டும் ஏற்பாட்டின் ஒரு பகுதி. ஜூலையில் ஒரு குடியானவன் தன் புகையிலை வயலை விட்டுவிட்டுத் துப்பாக்கியோடு கிளம்ப வேண்டும். கால் போய்விட்டால் அவன் வயலை யார் உழுவது என்ற பயத்துக்கு முன்கூட்டியே சொன்ன பதில் அது. ‘தகுதிக்கும் அந்தஸ்துக்கும் ஏற்ப’ என்ற பகுதியையும் கவனியுங்கள். நிலவுடைமையாளனின் காலுக்கும் ஒப்பந்தக் கூலியாளின் காலுக்கும் விலை ஒன்றாக இருக்காது என்று சட்டமே சொல்லிவிட்டது.

பிளிமத் கதையும் இதே வழியில்தான் போகிறது. 1620-இல் வந்திறங்கிய அந்தச் சிறிய குடியேற்றம் 1636-இல்தான் தன் சட்டங்களை முறையாகத் தொகுத்தது. அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்கும் பீக்வாட் என்ற பூர்வகுடி மக்களுக்கும் போர் மூண்டது. பிளிமத் சட்டத் தொகுப்பில் உள்ள விதியின் சாரம் இது: வெளியே படை அனுப்பும் தேவை வந்து, தாமாக முன்வருபவர்கள் போதாவிட்டால், ஆளுநரும் அவருடைய உதவியாளர்களும் மன்னர் பெயரால் ஆட்களைக் கட்டாயமாகச் சேர்க்கலாம், ஆனால் அப்படிப் போகிறவர் முடமாகியோ காயம்பட்டோ திரும்பினால், அவர் வாழ்நாள் முழுவதும் குடியேற்றம் அவரைத் தகுந்தபடி பராமரிக்க வேண்டும்.

பிற்காலத்தில் இந்த விதியை மேற்கோள் காட்டுபவர்களில் பலர் பின்பாதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். முன்பாதியை வெட்டிவிட்டால், எளிய, பக்தியுள்ள ஒரு சமூகம் தன் வீரர்களைப் போற்றிய அழகான காட்சியாக அது தெரிகிறது. முழுதாகப் படித்தால், கட்டாய ஆள்சேர்ப்புக்கு இட்ட நிபந்தனை என்று தெரிகிறது. எனக்கு முழு வாசகம்தான் பெரிதாகத் தோன்றுகிறது. ‘உன்னைக் கேட்காமல் அனுப்பும் அதிகாரம் எனக்கு உண்டு, ஆகவே உன் ஊனம் என் கடன்’ என்று ஓர் அரசு தன் கையாலேயே எழுதிக் கொடுப்பது சிறிய விஷயம் இல்லை. கருணையைத் திரும்பப் பெறலாம், கடனை அப்படிப் பெற முடியாது.

பீக்வாட் போரில் பிளிமத் பெரிதாகப் பங்கெடுக்கவில்லை. 1637-இல் ஆட்களை அனுப்ப முடிவெடுத்தது. அவர்கள் கிளம்புவதற்குள் இனித் தேவையில்லை என்று செய்தி வந்துவிட்டது. அதற்குள் மிஸ்டிக் என்ற இடத்தில் கனெக்டிகட், மாசசூசெட்ஸ் படைகள், மொஹீகன், நாரகன்செட் பூர்வகுடிக் கூட்டாளிகளுடன் சேர்ந்து, ஒரு பீக்வாட் கோட்டை ஊரைத் தீயிட்டு நூற்றுக்கணக்கானோரைக் கொன்றிருந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. போர் ஓய்வூதியத்தைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. யாருடைய ஊனம் பொதுக் கடன் என்று இந்தச் சட்டங்கள் சொன்னபோதே, யாருடைய சாவு கணக்கிலேயே வராது என்பதையும் சொல்லிவிட்டன.

குடும்பங்கள் சட்டத்துக்குள் எப்போது வந்தன? இங்கேயும் தூண்டுதல் இங்கிலாந்திலிருந்து. 1642 அக்டோபரில் எட்ஜ்ஹில் என்ற இடத்தில் மன்னரின் படையும் நாடாளுமன்றப் படையும் மோதின. உடனடியாக நாடாளுமன்றம், தன் பக்கம் நின்று ஊனமுற்றவர்களுக்கு மட்டுமல்லாமல் இறந்தவர்களின் விதவைகளுக்கும் குழந்தைகளுக்கும் தான் பொறுப்பு என்று அறிவித்தது. அரசனை எதிர்த்துப் போரிடும் ஒரு தரப்புக்கு ஆள் சேர வேண்டுமானால், ‘நான் செத்தால் என் பிள்ளைகள்?’ என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் முடியாது. தேவை கூடக் கூட வாக்குறுதியும் விரிகிறது.

வர்ஜீனியாவில் 1644-இல் ஒபெச்சன்கனோ மீண்டும் தாக்கினார். மறுபடி போர், மறுபடி ஊனமுற்றவர்களுக்கான சட்டம். அதன்பின் வெவ்வேறு சமயங்களில், போரில் இறந்தவர்களின் ஏழைக் குடும்பங்களுக்கும் வர்ஜீனியா உதவி ஒதுக்கியது. ‘ஏழைக் குடும்பம்’ என்ற நிபந்தனை முக்கியம். ஊனமுற்றவனுக்கு ஊனம் போதும். விதவைக்கு விதவையானது மட்டும் போதாது, வறுமையையும் காட்ட வேண்டும்.

சட்டம் காகிதத்தில் இருப்பது ஒன்று. காசு கைக்கு வருவது இன்னொன்று. 17-ஆம் நூற்றாண்டுக் குடியேற்றங்களில் ஓய்வூதியத்துக்கென்று அலுவலகம் ஏதும் கிடையாது. காயம்பட்டவர் குடியேற்றத்தின் பொதுமன்றத்துக்கு மனு எழுத வேண்டும், அல்லது எழுதத் தெரிந்தவரைப் பிடித்து எழுதிவாங்க வேண்டும். எந்தத் தளபதியின் கீழ் எங்கே போரிட்டார், எங்கே குண்டு பட்டது, வைத்தியருக்கு எவ்வளவு கடன், வீட்டில் எத்தனை வாய்கள் என்று விவரிக்க வேண்டும். மன்றம் அதைப் படித்துப் பார்த்து, இவருக்கு ஒரு முறை இவ்வளவு, அவருக்கு ஆண்டுதோறும் இவ்வளவு என்று ஆளுக்கு ஆள் முடிவெடுக்கும். பணம் இல்லாத இடத்தில் வேறு வழிகளும் இருந்தன. வர்ஜீனியாவில் உழைக்க இயலாதவர்களுக்குத் தலைவரி விலக்கு. மாசசூசெட்ஸில் ஊனமுற்றவர்களுக்கும் விதவைகளுக்கும் மதுவிடுதி நடத்த உரிமம். அரசுக்குச் செலவு வைக்காத உதவிகள் இவை.

ஊரும் குடியேற்றமும் ஒருவர்மேல் ஒருவர் பொறுப்பைத் தள்ளியதையும் சொல்ல வேண்டும். நியூ இங்கிலாந்தின் (மாசசூசெட்ஸ், பிளிமத் உள்ளிட்ட வடகிழக்குக் குடியேற்றங்களின்) ஊர்களில் ஏழைகளைக் காப்பது அந்தந்த ஊரின் கடமை. அதனால், பின்னாளில் சுமையாகிவிடுவார்களோ என்று சந்தேகப்பட்ட வெளியூர்க்காரர்களை ‘இங்கே தங்காதே’ என்று முறைப்படி எச்சரித்து வெளியேற்றும் வழக்கமும் இருந்தது. சிப்பாயின் விதவை பிழைப்புத் தேடி அடுத்த ஊருக்குப் போனால் அவளுக்கும் இதே கதி நேரலாம். ‘குடியேற்றம் பராமரிக்கும்’ என்று சட்டத்தில் எழுதுவதன் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. செலவு ஊரின் தலையிலிருந்து பொதுக் கஜானாவுக்கு மாறினால், ஊனமுற்றவரையோ விதவையையோ ஊரார் பாரமாகப் பார்க்க வேண்டியதில்லை.

1675-இல் வெடித்த போர் இந்த ஏற்பாடுகளையெல்லாம் சோதித்தது. வாம்பனோக் பூர்வகுடிகளின் தலைவர் மெட்டகாமை ஆங்கிலேயர் ‘பிலிப் மன்னர்’ என்று அழைத்ததால், அந்தப் பெயரிலேயே போரும் அறியப்படுகிறது. போர் தொடங்கியது பிளிமத் எல்லைக்குள். நியூ இங்கிலாந்தின் ஊர்கள் பல எரிந்தன. குடியேற்றங்கள் கடனில் மூழ்கின. பிளிமத், பிடிபட்ட பூர்வகுடிகளை அடிமைகளாக வெளிநாட்டுக்கு விற்றது. மெட்டகாமின் மகனும் அப்படி விற்கப்பட்டவன்தான்.

அந்த ஆண்டு டிசம்பரில் முன்பு கூட்டாளிகளாக இருந்த நாரகன்செட் மக்களின் கோட்டையைத் தாக்கக் கிளம்பிய மாசசூசெட்ஸ் சிப்பாய்களுக்கு, டெடம் ஊர் மைதானத்தில் அணிவகுத்து நின்றபோது, கோட்டையைப் பிடித்தால் கூலியோடு நிலமும் தருவோம் என்று அரசின் பெயரால் வாக்குக் கொடுக்கப்பட்டது. டிசம்பர் 19 அன்று கடும் பனியில், சதுப்பு நிலத்துக்கு நடுவில் இருந்த அந்தக் கோட்டையைத் தாக்கினார்கள். நிலம் எப்போது வந்தது? 1728-இல் தொடங்கி 1730-களில்தான். ஊருக்கு 120 பேர் வீதம் ஏழு புதிய ஊர்கள், மொத்தம் 840 பேருக்கு. வாக்குக் கொடுத்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டதால், பெற்றவர்களில் பெரும்பாலோர் சிப்பாய்களின் வாரிசுகள். இன்றைய மெய்ன் மாநிலத்தின் கோரம், பக்ஸ்டன் ஆகிய ஊர்கள் அப்படி உருவானவை. பேரனுக்குக் கிடைத்த நிலம், முடமான தாத்தாவின் அடுப்பை ஒருநாளும் எரித்ததில்லை.

இந்தப் பின்னணியில்தான் 1718-ஆம் ஆண்டு ரோட் ஐலண்ட் சட்டத்தைப் படிக்க வேண்டும். உங்கள் கேள்விக்குள் இருக்கும் ‘ஊனமுற்றவர்களும் குடும்பங்களும்’ என்ற இரண்டு பாதிகளும் ஒழுங்காக ஒன்றுசேர்வது, நான் அறிந்தவரை, இதில்தான். அதன் சாரம் இது. குடியேற்றத்தின் பணியில் இருக்கும் அதிகாரியோ சிப்பாயோ மாலுமியோ, கை கால் இழந்தோ வேறு வகையிலோ தனக்கும் தன் குடும்பத்துக்கும் தன்னை நம்பியிருக்கும் உறவினருக்கும் பிழைப்புத் தேட முடியாமல் போனால், அவருடைய காயங்களைக் குடியேற்றத்தின் செலவில் ஆற்ற வேண்டும். அதற்கு மேல், அவரும் அவரை நம்பியிருப்பவர்களும் வாழப் போதுமான ஆண்டுத் தொகையைப் பொதுக் கஜானாவிலிருந்து கொடுக்க வேண்டும். அவர் இறந்துவிட்டால், அவரை நம்பியிருந்த பெற்றோர், மனைவி, பிள்ளைகள் ஆகியோரை, அவர்கள் இறக்கும்வரை அல்லது தாமே பிழைத்துக்கொள்ளும் நிலை வரும்வரை, காக்க வேண்டும்.

இதில் எத்தனை விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன பாருங்கள். ஊனத்தின் அளவுகோல், பிழைப்பு போனதா என்பது. தொகையின் அளவுகோல், ஒரு வீடு வாழப் போதுமா என்பது. வயதான தாய் தந்தையரையும் சட்டம் மறக்கவில்லை. மாலுமியைச் சிப்பாய்க்குச் சமமாக வைத்தது, கடல் வணிகத்தால் வாழ்ந்த சிறிய குடியேற்றத்துக்கு இயல்பாக வந்திருக்கும். பிளிமத் சட்டத்துக்குக் கிடைக்கும் புகழில் பாதியாவது இதற்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் அடுத்து வந்த பெரிய அரசு இந்த அளவுக்கு வரவில்லை. விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1776 ஆகஸ்ட் 26 அன்று கண்டக் காங்கிரஸ் (போரிட்ட குடியேற்றங்களின் கூட்டு அவை) தன் முதல் ஓய்வூதியத் தீர்மானத்தை நிறைவேற்றியது. கை கால் இழந்தவர், அல்லது பிழைப்புக்கே வழியில்லாதபடி ஊனமுற்றவர், ஆயுள் முழுவதும் அல்லது ஊனம் நீடிக்கும்வரை தன் மாதச் சம்பளத்தில் பாதியைப் பெறுவார். சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் ஆறே முக்கால் டாலருக்கும் சற்றுக் குறைவு, அதில் பாதி. தளபதியின் சான்றும் மருத்துவரின் சான்றும் வேண்டும். பெட்டியில் பணமில்லாத காங்கிரஸ், கொடுக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது. சில மாநிலங்கள் கொடுத்தன, சில இழுத்தடித்தன. காங்கிரஸ் அச்சிட்ட காகித டாலரோ மாதந்தோறும் மதிப்பிழந்துகொண்டிருந்தது.

நடமாட முடிந்த ஊனமுற்றவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் காவல் பணிக்கு வைத்துக்கொள்ள 1777-இல் ‘ஊனமுற்றோர் படை’ ஒன்றும் அமைக்கப்பட்டது. அதில் ஒரு பெண் பெயரும் இருந்தது: மார்கரெட் கார்பின். 1776 நவம்பர் 16 அன்று வாஷிங்டன் கோட்டைச் சண்டையில் பீரங்கியருகே கணவர் இறந்து விழுந்ததும், அவர் இடத்தில் நின்று பீரங்கியை இயக்கியவர். படுகாயமடைந்து ஒரு கை செயலிழந்தது. 1779 ஜூலையில் காங்கிரஸ் அவருக்கு ஒரு சிப்பாயின் பாதிச் சம்பளத்தை ஆயுள் முழுவதும் ஒதுக்கி, ஒரு செட் உடையும் கொடுத்தது. கணவனைப் போரில் இழந்த பெண்ணாக மட்டும் அவர் வந்து நின்றிருந்தால், அன்றைய காங்கிரஸ் விதியில் அவருக்கு எதுவும் கிடையாது. தானே குண்டுபட்டதால் கிடைத்தது.

ஏனென்றால், குடும்பங்களுக்கான முதல் தேசியத் தீர்மானம் 1780 ஆகஸ்ட் 24 அன்றுதான் வந்தது. அதுவும் அதிகாரிகளின் குடும்பத்துக்கு மட்டும். பணியில் இறந்த அதிகாரியின் விதவைக்கு ஏழு ஆண்டுகள் பாதிச் சம்பளம். அவள் இறந்தாலோ மறுமணம் செய்தாலோ மீதிக் காலத்துக்குக் குழந்தைகளுக்கு. சிப்பாயின் விதவையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காரணம், மீண்டும், ஆள் தேவை. அதிகாரிகள் கூட்டம்கூட்டமாகப் பதவி விலகிக்கொண்டிருந்த நேரம் அது. அவர்களைப் பிடித்துவைக்க வேண்டியிருந்தது. அதிகாரியின் விதவைக்குச் சட்டத்தில் இடம் பிறந்தது அதனால்தான். பாதிச் சம்பளம் பிரபு வர்க்கத்தை உண்டாக்கும் என்று அப்போதே எதிர்த்தவர்கள் இருந்தார்கள். சிப்பாயின் மனைவியை விட்டுவிட்டது நியாயமா என்று கேட்டவர்களின் குரல் அந்த அளவுக்கு எடுபடவில்லை. இதை எழுதும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1789 செப்டம்பரில் புதிய கூட்டாட்சி அரசு மாநிலங்களின் ஊனமுற்றோர் ஓய்வூதியச் சுமையை ஏற்றது. 1792-இல், மனுக்களை நீதிபதிகள் விசாரிக்க வேண்டும், அவர்கள் முடிவைப் போர்த்துறைச் செயலாளரும் காங்கிரஸும் மாற்றலாம் என்று ஒரு சட்டம் வந்தது. நீதிமன்றத் தீர்ப்பை அமைச்சர் திருத்துவதா என்று நீதிபதிகள் மறுத்தார்கள். ஹேபர்ன் என்ற சிப்பாயின் மனுவால் அது அரசியல் சாசன வரலாற்றில் இடம்பெற்றது. மறு ஆண்டே சட்டம் மாற்றப்பட்டது. ஊனம் இல்லாவிட்டாலும் வறுமையில் இருக்கும் விடுதலைப் போரின் பழைய சிப்பாய்களுக்கு 1818-இலும், வறுமையைக் காட்டத் தேவையில்லாமல் 1832-இலும் ஓய்வூதியம் கிடைத்தது.

சாதாரணச் சிப்பாயின் விதவைக்குப் பரவலான கூட்டாட்சி ஓய்வூதியம் 1836 ஜூலை 4 அன்றுதான் வந்தது. அதிலும் கணவனின் கடைசிப் போர்ப்பணி முடிவதற்குள் திருமணம் நடந்திருக்க வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய திருமணத்துக்கு எங்கே போய்ச் சான்று தேடுவது? பல மூதாட்டிகள் வீட்டுப் பைபிளில் பிறப்பு, இறப்பு, திருமணங்களை எழுதிவைத்திருந்த பக்கங்களைக் கிழித்து மனுவோடு அனுப்பினார்கள். அவை இன்றும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. திருமண நாள் வரம்பு 1838-இலும் 1848-இலும் தளர்ந்து, 1853-இல் அடியோடு நீங்கியது. அதனால்தான் விடுதலைப் போரின் கடைசி விதவை ஓய்வூதியர் எஸ்தர் டேமன் 1906 வரை வாழ்ந்து பணம் பெற முடிந்தது. அவர் ஒரு முதிய சிப்பாயை 1835-இல், இளம் வயதில் மணந்தவர்.

இதைப் பற்றி நீங்கள் எழுதுவதானால், 1593 இங்கிலாந்துச் சட்டத்தை மூலமாகவும், 1624 வர்ஜீனியா விதியை ஊனமுற்றவர்களுக்கான முதல் குடியேற்றச் சட்டமாகவும், 1636 பிளிமத் விதியைக் கட்டாய ஆள்சேர்ப்பு வாசகத்தோடு முழுதாகவும், 1718 ரோட் ஐலண்ட் சட்டத்தைக் குடும்பத்தையும் பெற்றோரையும் சேர்த்த சட்டமாகவும் காட்டுங்கள். பிளிமத்தையும் குடும்ப ஓய்வூதியத்தையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்காதீர்கள்.